கூட்டாமல் குறைக்காமல்

கையில் காப்பித் தட்டு. குனிந்த தலை. பட்டுச் சேலையின் சரிகை கழுத்தருகே குத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் தோட்டத்து மல்லிகையைக் கூடையோடு கொண்டுவந்து நடுக் கூடத்தில் இறக்கியிருந்தார்கள். நாகல்நகரில் எங்கள் வீட்டுக் கூடம் அந்தக் கூடைக்கே போதாது. வந்தவர்கள் எப்படியோ ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் இருந்த என் அப்பா, பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னம்மா சொல்றாக?"

நான் வாயைத் திறந்தேன்.

அந்த வாயை அன்று யாராவது பொத்தியிருந்தால் என் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும். ஆனால் நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், அந்த வாய் எப்படி அப்படிப் பழகியது என்று சொல்லியாக வேண்டும். அதுவரை நான் தட்டோடு அங்கேயே நிற்கிறேன். காப்பி ஆறினாலும் பாதகமில்லை. அது நான் போட்ட காப்பி. சூடாகக் குடித்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

மில்லுக்குக் கொடுத்த காது

என் அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். மில்லின் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவருக்குப் பாதிதான் கேட்கும். தூரத்தில் இருந்து யார் பேசினாலும் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா சொல்றாக?" என்பார். என் குரல் மட்டும் அவர் காதுக்குள் எப்படியோ நுழைந்துவிடும்.

அதனால் அந்த வீட்டில் யார் அப்பாவிடம் என்ன சொன்னாலும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மா திட்டும்போது சத்தம் போட மாட்டாள். அடுப்படியில் இருந்தபடி தணிந்த குரலில், பொரிகிற எண்ணெயோடு எண்ணெயாகத் திட்டுவாள்.

"என்னம்மா சொல்றா உங்கம்மா?"

"ஈசிசேர் ஒண்ணுதேன் கொறச்சல், இந்த மனுசனுக்கு." சின்னப் பெண்ணின் குரலில் இதைக் கேட்டு அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். அம்மா கரண்டியோடு வருவாள், என்னைத் தேடி.

அப்பாவுக்கு அந்த வேலை மேல் துளி ஆசை கிடையாது. சங்கு ஊதினால், "கூப்பிட்டுட்டாய்ங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். திரும்பி வந்து தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, முகம் கழுவி, வறுத்த நிலக்கடலையோடு உட்கார்ந்தால் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் திண்டுக்கல்லில் இல்லை. மில்லைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வேலையை மில் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தங்கை மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்களாம். வேலையில் மனது ஒன்றியிருக்கிறதா, வாழ்க்கையில் நிறைவு இருக்கிறதா என்று. மனது ஒன்றினால் நிறைவு தானாக வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. "பெரியம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றான். "எங்கப்பாவை என்ன செய்றது?" என்றேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

நான் அப்பா ஆகிவிட்ட நாள்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சுவர் முழுக்க ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒரு சின்னத் தகடு. ஊரில் யாராவது போனை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் அவருடைய தகடு டக்கென்று விழும். வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, இன்னொரு வயரை அந்த நம்பரில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெளியூருக்குப் பேசுவது என்றால் ட்ரங்கால். அதில்தான் விவகாரம். மழைக் காலத்தில், காற்றுக் காலத்தில், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல், லைன் இரையும். மெட்ராஸ்காரர் பேசுவது திண்டுக்கல்காரருக்குக் கேட்காது. இவர் பேசுவது அவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் எங்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் லேசாகக் கேட்கும். அப்போது ஒருவர் சொல்வதை வாங்கி மற்றவருக்கு நாங்கள் சொல்வோம்.

சூப்பர்வைசர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்தார்.

"சொன்னதைச் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. 'அவர் இப்படிச் சொல்றார், இவர் அப்படிச் சொல்றார்'னு இழுக்கக் கூடாது. ட்ரங்காலுக்கு மூணு நிமிஷம். அதுல உன் சொந்தச் சரக்குக்கு இடமில்ல. போர்டுல கேட்டது போர்டோட போகணும். விளங்குதா?"

எனக்கு விளங்கியது. எனக்கு அது பிறந்த வீட்டுப் பழக்கம். 'நான்' என்று அவர் சொன்னால் நானும் 'நான்' என்பேன். கோபமாகச் சொன்னால் கோபத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். அதைக் குறைத்தால் தப்பல்லவா?

போர்டில் கேட்டது போர்டோடு போய்விட்டது. பேர் சொல்ல மாட்டேன். தோல் மண்டி வைத்திருந்த பாய் ஒருவரும், மெட்ராஸில் இருந்த அவருடைய கூட்டாளியும் ஒருநாள் என் வழியாகச் சண்டை போட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். "உனக்குப் புத்தியில்ல" என்று இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன். "உனக்குத்தான் இல்ல" என்று அந்தப் பக்கம் சொன்னேன். மூன்று நிமிஷம் இரண்டு பெரிய மனிதர்களை நான் விளாசினேன். கடைசியில் பாய், "தாயி, அவன் திட்டுனா பத்திக்கிட்டு வரும். நீ திட்டுனா சிரிப்பா வருது. அவனுக்குச் சலாம் சொல்லிரு" என்றார். சலாமையும் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்தேன்.

இன்னொரு நாள் தூரத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன். பெண்டாட்டி இங்கே ஆஸ்பத்திரியில். அவன் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. இங்கே போனைப் பிடித்திருந்தவர் அவனுடைய மாமனார்.

"பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சொகம்" என்று அந்தப் பக்கம் சொன்னேன்.

அவன் கத்தினான். அதை நான் இந்தப் பக்கம் கத்த வேண்டியிருந்தது.

"நான் அப்பா ஆயிட்டேன். மாமா, நான் அப்பா ஆயிட்டேன்."

எக்ஸ்சேஞ்ச் அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகாத பெண், காதில் ஹெட்செட்டோடு, கண்ணில் நீரோடு, தான் அப்பாவாகிவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரோ ஒருவனுடைய சந்தோஷம் என் வாய் வழியாகப் போயிருந்தது. போகிற வழியில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்த வேலையை நான் விரும்பினேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், சோற்றைவிட அதிகமாக விரும்பினேன்.

ஸ்டெல்லாவின் வாடகைக் காது

என் பக்கத்து நாற்காலி ஸ்டெல்லாவுடையது. அவள் அந்த வேலையில் ஒரு தப்பும் செய்ய மாட்டாள். ஒரு சிரிப்பும் சிரிக்க மாட்டாள். "நம்பர் ப்ளீஸ்" என்பதைக்கூட "நம்பர்" என்றுதான் சொல்வாள்.

"ஏன் ஸ்டெல்லா, ப்ளீஸ் சொன்னா குறைஞ்சா போயிரும்?"

"காதை மட்டுந்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். தொண்டை எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் பாடுவாள். ஒருமுறை கூட்டிப் போனாள். பாடும்போது வேறு ஸ்டெல்லாவாக இருந்தாள். ஆக, வேலையில் மனதே வைக்காத அப்பாவும் ஸ்டெல்லாவும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். வேலை வேலை என்று கிடந்த நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் வேலையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். என்னுடையது எனக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. பெண் பார்க்கும் நாளுக்கும் வந்தது.

மறுபடி காப்பித் தட்டு

அதற்கு முன்பு வந்த வரன்களில் பாதிப் பேர், "ஊர் ஆம்பளைகளோட பேசுற வேலையா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையைக்கூடத் தொடாமல் போனவர்கள். எனக்கும் பிடிவாதம். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், சம்மதித்தால் வரச் சொல்லுங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர்தான் தாடிக்கொம்பு வரனைக் கொண்டுவந்தார். பூந்தோட்டம், ஒரே மகன், பெயர் வேலுச்சாமி, தினமும் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோடு வந்து போகிறவர்.

"வேலைக்குப் போறதப் பத்திக் கேட்டீங்களா பெரியப்பா?"

"கேட்டேன். தாராளமாப் போகட்டும்னுட்டாக."

அந்தத் 'தாராளமா'வை நம்பித்தான் பட்டுச் சேலை கட்டினேன்.

வந்தவர்களில் ஒரு விசேஷம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்தார், அம்மா எதிர் மூலையில். நடுவில் மகன். "கேசரி நல்லா இருக்குன்னு சொல்லுப்பா" என்று அப்பா மகனிடம் சொன்னார். அது யாருக்குச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. பெரிய இடத்து மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா முணுமுணுத்தார். அப்பா கேட்டார். நான் வாயைத் திறந்தேன், அதுவரை சொல்லியிருக்கிறேன் அல்லவா?

இரைச்சல் லைனில் பழகிய காதுக்கு ஒரு கூடத்து முணுமுணுப்பு பெரிய காரியமில்லை. வாய்க்கும் யோசிக்கிற வழக்கமில்லை. தெளிவாக, நிறுத்தி, தொழில் குரலில் சொன்னேன்.

"புள்ள லட்சணமாத்தேன் இருக்கு. ஆனா நாள் பூரா ஊரு ஆம்பளைக கூடப் பேசுற வேலை நமக்கு ஆகாது. இப்போதைக்குச் சரின்னு தலையாட்டி வைப்போம். தாலி ஏறட்டும், பெறகு நிப்பாட்டிருவோம். வாயத் தொறந்துராத."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்து எதுவோ விழுந்து உருண்டது. மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

மாப்பிள்ளை மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தன் அம்மா பக்கம் குனிந்து முணுமுணுத்தார்.

"மாப்ள என்ன சொல்றாரு?" என்றார் அப்பா.

என்னால் நிறுத்த முடியவில்லை. "யம்மா, அந்தப் பிள்ளைக்குக் கேக்குதும்மா" என்றேன்.

மூலையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் சிரித்தார். தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். வேலுச்சாமி முணுமுணுப்பதை விட்டுவிட்டு, என் அப்பாவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்குப் புடிச்சிருக்கு மாமா. அவுக வேலைக்குப் போகட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கும்மா?"

வழக்கமான கேள்வி போலத்தான் இருந்தது. ஆனால் இதற்கு எந்தப் பக்கமிருந்தும் வாங்கிக் கொடுக்க வார்த்தை இல்லை. முதல் தடவையாக என் சொந்தச் சரக்கைக் கேட்கிறார்கள். தட்டைக் கீழே வைத்தேன்.

"போர்டுக்குப் போக விட்டா, சரிப்பா" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா, மகன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோற்றவர் போலில்லாமல் சொன்னார். "கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் வீட்டுல இருக்கட்டும். பெறகு பாப்போம்."

இந்தப் 'பெறகு பாப்போம்' என்பதன் பொருள் தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாடிக்கொம்பு எக்ஸ்சேஞ்ச்

ஒரு மாத லீவோடு தாடிக்கொம்புக்குப் போனேன். போன அன்றே அந்த இரண்டு மூலைகளின் ரகசியம் தெரிந்தது. என் மாமனாரும் மாமியாரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கோபம் எப்போது வந்தது என்று அவர்களுக்கே தெளிவாக நினைவில்லை. கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் மாமா, தொட்டுக்கொள்ள வைத்த காயைக் காட்டி, "இந்த வெஞ்சனத்துல உப்பு இருக்கா?" என்று கேட்டாராம். அத்தை அன்று வாயை மூடியவர். மாமாவும் தன் கெத்தை விடவில்லை.

ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே தோட்டம். எல்லாவற்றுக்கும் நடுவில் மகன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான் அந்த வீட்டுக்கு ஆபரேட்டர். மகன் இல்லாத நேரத்தில் மாமா கன்றுக்குட்டியிடம் சொல்வார், அத்தை உரலிடம் பதில் சொல்வார்.

என் வீட்டுக்காரர் வேலை செய்கிற விதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். எனக்குப் பதறிப்போனது.

"இந்தப் புளிக்கொழம்ப மாடுகூடக் குடிக்காதுன்னு சொல்லு" என்றார் மாமா.

"யம்மா, புளி செத்த தூக்கலா இருக்காம்" என்றார் இவர்.

"அந்த மனுசனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லு" என்றார் அத்தை.

"நாளைக்குக் குறைச்சுப் போடுறாகளாம்ப்பா."

தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டேன். "இப்படி மாத்திச் சொல்லலாமா? எங்க ஆபீஸ்ல இதுக்கு மெமோ குடுப்பாக."

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த வேலை வேணாம் தனம். சின்னப் பிள்ளையில இருந்து இதேதேன். சோத்துல கை வச்சா ஒரு சேதி, படுத்தா ஒரு சேதி. உள்ளதச் சொன்னா வீடு ரெண்டாப் போகும்னு பயந்து பயந்து மாத்தி மாத்திச் சொல்லி, எனக்குச் சொந்தமாப் பேசவே மறந்துபோச்சு. பூ மார்க்கெட்டுல இருக்குறப்பதேன் நிம்மதி."

ஒரே வேலை. எனக்கு அது உயிர், இவருக்கு அது ஆயுள் தண்டனை. நான் விரும்பிப் போனேன், அவரைப் பிடித்துப் போட்டார்கள். அவர் மேல் எனக்கு அன்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான். தாலி கட்டியபோது வந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கும் அங்கே நிம்மதி இல்லை. பாத்திர மூடி டக்கென்று விழுந்தால் கை வயரைத் தேடியது. வேடசந்தூரில் இருந்து திண்டுக்கல் போகும் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்தால் வாசலுக்குப் போய் நின்றேன். லீவு கரைந்துகொண்டே வந்தது. அத்தையிடம் கேட்டால், "பெறகு பாப்போம்த்தா" என்று அரிவாள்மனையை என் பக்கம் தள்ளுவார். லீவு முடிவதற்குள் வாய்திறந்து 'போ' என்று சொல்லாவிட்டால் ராஜினாமாதான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அந்த வீட்டுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

லைன் கிடைத்தது

ஒரு காலை, இவர் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். மாமா சாப்பிட உட்கார்ந்தார். அத்தை அடுப்படியில். நடுவில் நான்.

"கொழம்ப அடுப்புல வச்சாளா, இல்ல வெயில்ல வச்சாளான்னு கேளு."

எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். அடுப்படி பக்கம் திரும்பி, மாமாவின் குரலில் இருந்த நக்கலோடு சேர்த்துச் சொன்னேன். "கொழம்ப அடுப்புல வச்சியா, இல்ல வெயில்ல வச்சியா?"

அத்தை கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தார். "யாரப் பாத்துக் கேக்குற?"

அதை மாமா பக்கம் திருப்பினேன். "யாரப் பாத்துக் கேக்குற?"

"உன்னயத்தேன். வேற எவளப் பாத்துக் கேப்பேன்?"

"உன்னயத்தேன். வேற எவளப் பாத்துக் கேப்பேன்?"

"இம்புட்டு வருசம் புளி தூக்கல், உப்பு மட்டுன்னு நயமாத்தான சொல்லிவிட்டாரு? உள்ளுக்குள்ள இம்புட்டு இருந்துச்சா? கேளு."

கேட்டேன். ஒரு சொல் விடவில்லை. மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தையை நேராகப் பார்த்தார்.

"நான் எப்படி நயமாச் சொன்னேன்? ஒரு நாளும் நயமாச் சொன்னதில்லடி."

"அப்ப எம்மகன் பொய்யா சொன்னான்?"

"நீ மட்டும் நாளைக்குச் சரியா ஆக்குறேன்னு சொல்லிவிட்டியா இல்லையா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? உங்க நாக்கு செத்துப்போச்சுன்னுதேன் சொல்லிவிட்டேன்."

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மெல்ல நகர்ந்து சுவரோரம் போனேன். எக்ஸ்சேஞ்சில் இரண்டு பக்கமும் லைன் கிடைத்துவிட்டால் ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

பழைய பாக்கி நிறைய இருந்தது. அந்த வெஞ்சனத்து உப்பில் தொடங்கி, விற்ற பசுமாடு, அத்தையின் தம்பி கல்யாணத்துக்கு மாமா போகாதது, பறிக்காமல் விட்ட பூ, எல்லாம் வந்தன. மத்தியானம் வரை ஓடியது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு வேலியோரம் வந்து நின்றார்கள். நடுவில் அத்தை மூச்சு வாங்க நின்றபோது, மாமா செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். அத்தை வாங்கிக் குடித்துவிட்டு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

இவர் காலிக் கூடையோடு திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவருடைய அப்பாவும் அம்மாவும் பேசுகிற சத்தம். கூடையை இறக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தனம்" என்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு வேலை போயிருச்சு."

வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

ஒரு சொல்

அதன் பிறகு அவர்கள் நிறுத்தவேயில்லை. காலையில் சண்டை, சாயங்காலம் சமாதானம். சமாதானத்தைக் கிசுகிசுப்பாகப் பேசுவார்கள். வயதான பிறகு இது என்ன என்று வெட்கம். ஆனால் வீட்டில் நான் இருந்தேன், என் காதும் இருந்தது. அத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

லீவு முடிகிற தறுவாய். சாயங்காலம், இவர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வேப்ப மரத்தடியில் மாமாவும் அத்தையும் ஏதோ ரகசியம் பேசினார்கள். இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து தன் வழியாகவே போன பேச்சு, இப்போது தன்னைக் கேட்காமல் போகிறது.

"என்ன பேசிக்கிறாக?" என்றார்.

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. அத்தை, மாமா என்று இருவர் பேச்சையும் மாறி மாறி எடுத்துச் சொன்னேன்.

"இந்தப் புள்ள வீட்டுல இருக்கையில ஒரு வார்த்தை மெதுவாப் பேச முடியலங்க. காதா அது? ஆமா, நம்ம பேசுறத ஊருக்கே சொல்லிரும். பேசாம வேலைக்கு அனுப்பிருவோம். சரி, அனுப்பிருவோம்."

அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது. எனக்கு 'அனுப்பிருவோம்' என்பதற்கும் 'பெறகு பாப்போம்' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரியும். அந்தத் தூரத்தில் எத்தனையோ பெண்களின் வேலை போயிருக்கிறது.

"நாளைக்கே" என்றேன்.

உரக்கத்தான் சொன்னேன். வேப்ப மரத்தடி வரை கேட்டது. கிசுகிசுப்பு நின்றது.

"நாளைக்கேன்னு நீங்களா சொன்னீக?" என்று அத்தையின் குரல்.

"நான் எங்க சொன்னேன்? நீதான சொன்ன?"

புதிதாகப் பேசத் தொடங்கியவர்கள். அன்றைய சண்டையும் முடிந்து, சமாதானமும் நடந்துகொண்டிருந்த நேரம். இன்னொன்றைத் தொடங்க இருவருக்கும் மனமில்லை.

"சரி, யாரு சொன்னா என்ன" என்றார் அத்தை. "நாளைக்கே போகட்டும்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க மாற்றி மாற்றிச் சொன்னவர் அல்லவா, தொழில்காரருக்குத் தொழில் தெரியாதா? தட்டைப் பார்த்துக் குனிந்து சிரித்தார். "இன்னுங் கொஞ்சம் சோறு வையி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அத்தையே டிபன் கேரியரோடு பஸ்ஸுக்கு வந்து நின்றார். "சாவகாசமா வாத்தா. அவசரமில்ல" என்றார். பூக்கூடைகளுக்கு நடுவில், இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திண்டுக்கல் வந்தேன்.

ஸ்டெல்லா ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "வந்துட்டியா? நல்லாப் போச்சு. எல்லாரும் ப்ளீஸ் எங்கன்னு கேக்குறாங்க."

நாற்காலி அதே உயரத்தில் இருந்தது. ஹெட்செட்டை மாட்டினேன். காது குளிர்ந்தது. டக்கென்று ஒரு தகடு விழுந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

ட்ரங்கால். அன்றும் காற்று. இரைச்சலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் பேசுவது எனக்கு மட்டும் லேசாகக் கேட்டது. இந்தப் பக்கம் ஒரு வயதான ஆளின் குரல், கவலையோடு, என் அப்பா கேட்பது போலவே கேட்டது.

"ஒண்ணும் வெளங்கலையேம்மா. என்ன சொல்றாக?"

நான் வாயைத் திறந்தேன்.